குதிருக்குள்

திருத்துறைப்பூண்டி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் "சாப்டியா, அங்கே மழை உண்டா" என்பதைத் தாண்டி எனக்கு வாய் வராது. அதனால்தான் பேனா.

போன வாரம் நெல் கொட்டும் பழைய மண் குதிர் ஒன்றை இடித்தோம், எலித்தொல்லை. அடியில் பதருக்கு நடுவே ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் தஞ்சாவூர் டாக்டர் எழுதித் தந்த மாத்திரை அட்டைகள். ஒன்றைக்கூட நீ பிதுக்கவில்லை. தினமும் ராத்திரி தம்ளரோடு நின்று "போட்டுட்டியாம்மா" என்று கேட்பேன். "போட்டுட்டேன்பா" என்பாய். ஏமாற்றிவிட்டாயே என்று கோபம் வரவில்லை. நல்லவேளை விழுங்கவில்லை என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எனக்கு ஆண்கள்மேல் நாட்டமே இல்லை" என்று நீ சொன்ன மறுவாரமே உன்னை அங்கே கூட்டிப்போனேன். 2018-இல், ஒரே பாலினத்தார் உறவு குற்றமில்லை என்று 377 தீர்ப்பு வந்த அன்று கூடத்தில் அத்தை இருந்தாள், எழுந்துபோய் டிவியை அணைத்தேன். 2021 ஜூனில் இன்னொரு தீர்ப்பு. மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரண்டு பெண்கள், காணோம் என்று புகார் கொடுத்த பெற்றோர். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கே இது சரியாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டாராம். வைத்தியம் பார்த்து மாற்றுகிறேன் என்பதற்கும் தடை போட்டார். அந்தப் பேப்பரை மடித்து பீரோவில் வைத்தேன். உன்னிடம் சொல்ல இத்தனை வருஷம். கடைமடைக்காரனுக்கு எல்லாமே தாமதமாகத்தான் வந்து சேரும், போ.

இன்னொன்று உனக்குத் தெரியாது. உன் ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தது நான்தான். வலங்கைமானிலிருந்து தோஷக்கார ஜாதகமே ஒன்று தேடி வந்தது. உடனே ராகு கேதுவையும் சேர்த்துக்கொண்டேன். அப்புறம் யாரும் கேட்காமலே தோஷம், தோஷம் என்று நானே ஆரம்பிப்பேன். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். யோசித்தால், கல்யாண வீடுகளில் என் வேட்டி கசங்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இனி அந்தப் பொய் கிடையாது. கேட்டால் "அவளுக்குக் கல்யாணத்தில் இஷ்டமில்லை" என்பேன். அதற்குமேல் சொல்ல இப்போதைக்குத் தைரியம் இல்லை.

பொங்கலுக்கு உன்னோடு வந்தாளே அந்தப் பெண், பின்கட்டில் அம்மாவோடு உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு ஆச்சி யாரென்று கேட்டதும் "கூட வேலை பார்க்கிற பிள்ளை" என்றேன். அவள் கை ஒரு நிமிஷம் நின்றது, தலையை நிமிர்த்தவில்லை. மன்னிப்புக் கேட்டேன் என்று சொல். வேண்டாம், வரட்டும், நானே கேட்கிறேன்.

மேட்டூர் திறந்தாச்சு. ஆடிப்பெருக்குக்கு இரண்டு பேரும் வாருங்கள். மாடி அறையில் ஒரு கட்டில்தான் இருக்கிறது, இன்னொன்று போடணுமா என்று அம்மா கேட்கச் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் அடுப்படிக்குள் போய்விட்டாள். பதில் எழுது.

அப்பா