ஆறு மாதக் கணக்கு எந்த நாளில் தொடங்குகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காவல் நிலைய முற்றங்களிலும் நகராட்சிக் கிடங்குகளிலும் வாகனங்கள் துருப்பிடித்து, இருக்கைக் கிழிசலில் பெரணி முளைத்துக் கிடக்கும் படம் ஆண்டுக்கு ஒருமுறையாவது நாளிதழ்களில் வந்துவிடுகிறது. கூடவே ‘ஏலம் விடுவதில் மெத்தனம்’ என்று ஒரு வரியும் வரும். மெத்தனம் இருப்பது உண்மை. ஆனால் அது ஏல நாளுக்கு ஓராண்டு முன்பே, நீதித்துறை நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) பொது அறிவிப்பு கேட்டு எழுத வேண்டிய ஒரு தாளை எழுதாமல் விட்டபோதே தொடங்கிவிடுகிறது. மூடுபனியும் இரண்டு பருவமழையும் உள்ள நீலகிரியில் அந்தத் தாளை எழுதாததற்குக் கொடுக்கும் விலை சமவெளியைவிட மிக அதிகம். அதனால்தான் சற்று விரிவாக எழுதுகிறோம்.

ஒரே முற்றத்தில் நிற்கும் வண்டிகளில் குறைந்தது நான்கு வகை உண்டு. விபத்து, திருட்டு வழக்குகளில் பிடிபட்டவை வழக்குச் சொத்து. நீதிமன்ற உத்தரவில்லாமல் அவற்றை விற்க முடியாது. மதுவிலக்கு, வனக் குற்றங்களில் சிக்கியவை பறிமுதல் நடவடிக்கைக்கு உட்பட்டவை. அதற்குத் தனி அதிகாரி, தனிக் கோப்பு. யாரோ சாலையோரம் விட்டுப்போனவை மூன்றாம் வகை. நகராட்சியின் சொந்த வண்டிகள், அதாவது ஓடாத குப்பை லாரி, தண்ணீர் லாரி, பழைய ஜீப் எல்லாம் நான்காம் வகை. இவை அனைத்துக்கும் ஒரே பதிவேடு வைப்பதுதான் முதல் கோளாறு. ஏலப் பட்டியலில் வழக்கு வண்டி ஒன்று தவறி நுழைந்துவிட்டால், விசாரணை நாளில் ‘வண்டி எங்கே?’ என்று நீதிமன்றம் கேட்கும். அந்தப் பயத்தில் எழுத்தர் நாலு வகையையும் சேர்த்தே ஓரங்கட்டி வைப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

விட்டுப்போன வண்டிக்கு வருவோம். பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்று நிற்கும் வண்டியை அப்புறப்படுத்த மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆவது பிரிவு இடம் தருகிறது. அப்புறப்படுத்த மட்டும்தான்; விற்பதற்கு வேறு பாதையில் போக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 457, 458 என்று இருந்த பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் 503, 504. இதன்படி காவல் துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும். உரிமையாளர் யாரென்று தெரியாவிட்டால், பொருளின் விவரத்தோடு நடுவர் பொது அறிவிப்பு வெளியிடுவார். அறிவிப்பு நாளிலிருந்து 6 மாதத்துக்குள் யாரும் உரிமையை நிலைநாட்டாவிட்டால், அதை அரசின் வசமாக்கி விற்க உத்தரவிடலாம்.

இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். ஆறு மாதம் என்பது வண்டியைக் கண்டெடுத்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. அறிவிப்பே வெளிவராத வண்டி பத்து மழைக்காலம் நனைந்து கிடந்தாலும் சட்டத்தின் கணக்கில் ஒரு நாள்கூட ஓடவில்லை. ‘பத்து வருஷமாகக் கிடக்கிறதே, விற்றால் என்ன?’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

குறுக்கு வழி ஒன்றும் சட்டத்திலேயே இருக்கிறது. அதே புதிய சட்டத்தின் 505-ஆவது பிரிவின்படி, உரிமையாளர் யாரென்று தெரியாத பொருளின் மதிப்பு 10,000 ரூபாய்க்குக் குறைவு என்றாலோ, விற்பதே உரிமையாளருக்கு நன்மை என்றாலோ, நடுவர் எப்போது வேண்டுமானாலும் விற்க உத்தரவிடலாம். பழைய சட்டத்தில் இந்த வரம்பு வெறும் 500 ரூபாய். அதனால் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது பழைய மொபெட்டுகளில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கும். மோட்டார் வாகன ஆய்வாளரின் மதிப்பீட்டுச் சான்றை இணைத்து மனு போட்டால் போதும். வழக்கு வண்டிகளுக்கும் 497-ஆவது பிரிவில் கெடு வைத்திருக்கிறார்கள்: பொருள் நீதிமன்றத்தில் ஒப்படைக்கப்பட்ட 14 நாளுக்குள் விவரப் பட்டியலும் படமும், அதன்பின் 30 நாளுக்குள் விடுவிப்போ விற்பனையோ. பிடித்த வண்டிகளை நிலையங்களில் நெடுநாள் போட்டு வைக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-இலேயே சொல்லிவிட்டது.

வண்டி வந்த முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை சில உண்டு. நம்பர் பிளேட்டை நம்பக்கூடாது. சேஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் பென்சில் அச்சு எடுத்துக் கோப்பில் ஒட்ட வேண்டும். பிறகு ‘வாகன்’ என்ற அரசின் வாகனப் பதிவுத் தரவுத்தளத்தில் பதிவு விவரத்தையும், தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் தளத்தில் திருட்டுப் பட்டியலையும் பார்க்க வேண்டும். கடிதம் மூன்று பேருக்குப் போக வேண்டும்: பதிவுச் சான்றில் உள்ளவர், கடன் கொடுத்த நிதி நிறுவனம், காப்பீட்டு நிறுவனம். திருட்டுக்கு இழப்பீடு கொடுத்து முடித்த வண்டி என்றால் உரிமை கோர வேண்டியது காப்பீட்டு நிறுவனம்தான். பலரும் இதை மறந்து, வண்டியைப் பறிகொடுத்தவருக்கே திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். டிஎன் 43 என்றால் ஊட்டி அலுவலகத்திலேயே விசாரித்துவிடலாம். கேஎல் (கேரளம்), கேஏ (கர்நாடகம்) எண் என்றால் நம் நிலையத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளை அந்த ஊர்க்காரர் எப்படிப் பார்ப்பார்? பதிவு செய்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கும் அறிவிப்பின் நகல் போக வேண்டும்.

மலையில் அந்த எண்ணைக் காப்பாற்றுவதே தனி வேலை. மோட்டார் சைக்கிளில் சேஸ் எண் பெரும்பாலும் ஹேண்டில் கழுத்துப் பகுதியில் அடித்திருக்கும். ஈரம் தங்குவதும் அங்கேதான். அந்த எண்ணைத் துரு அரித்துவிட்டால் வண்டியை மறுபதிவு செய்வது கடினம். ஓட்டக்கூடிய வண்டியாக விற்றிருக்க வேண்டியது 110 கிலோ பழைய இரும்பாகிவிடும். எண்ணின் மேல் ஒரு விரல் கிரீஸ் தடவினால் பல ஆண்டு தாங்கும். தார்ப்பாய் போட்டு இறுகக் கட்டுவது தவறு. உள்ளே வியர்த்து வெளியில் நிற்பதைவிட வேகமாகத் துருவேறும். பக்கங்கள் திறந்த தகரக் கூரை போதும். பெட்ரோலை வடித்துவிட வேண்டும். பேட்டரியைக் கழற்றிப் பட்டியலில் தனி வரியாக எழுதிப் பூட்டி வைக்க வேண்டும், ஏனென்றால் முதலில் காணாமல் போவது அதுதான். ஏல எண்ணை ஆயில் பெயின்டில் எழுதுங்கள். ஒட்டுத்தாள் ஒரு ஆனி மழைக்குத் தாங்காது.

ஏலத்தில் நடக்கும் தவறு லாட் (ஒரே கேள்வியில் சேர்த்து விற்கும் தொகுதி) பிரிப்பதில் இருக்கிறது. நூறு வண்டியை ஒரே லாட்டாக வைத்தால் முன்வைப்புத் தொகை கட்டவே பெரிய வியாபாரிகளால்தான் முடியும். கோவை உக்கடத்திலிருந்தும் மேட்டுப்பாளையத்திலிருந்தும் வருகிற நாலைந்து பேர் டீக்கடையிலேயே பேசி முடித்துவிட்டால், மேடையில் ஏலக் கேள்வித் தொகை ஏறாது. ஓடக்கூடியவற்றை ஒவ்வொன்றாகவும், உடைக்க வேண்டியவற்றைப் பத்துப் பத்தாகவும் பிரித்தால் உள்ளூர் மெக்கானிக்கும் கேட்பார். பார்வையிடும் நாள் ஏலத்துக்கு முந்தைய நாளாக இல்லாமல் ஒரு வாரம் முன்பே இருக்க வேண்டும். மலைப்பாதையில் வண்டி இறக்கும் வாடகையைக் கழித்துக்கொண்டுதான் வியாபாரி கேட்பார். ஆரம்பக் கேள்வித் தொகையை வகுக்கும்போது அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் முதல் ஏலம் ஆளில்லாமல் ஒத்திப்போகும், இரண்டாம் ஏலத்துக்குள் இன்னொரு மழை வந்துவிடும்.

ஓட்டுவதற்காக வாங்குபவருக்கு ரசீது மட்டும் கொடுத்து அனுப்புகிறார்கள். அது போதாது. மத்திய மோட்டார் வாகன விதி 57-இன்படி வண்டியைப் பெற்ற 30 நாளுக்குள் படிவம் 32-இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். விற்பனையை உறுதி செய்யும் சான்றும், ஏலத்துக்கு அனுமதி அளித்த அரசு உத்தரவின் சான்றிட்ட நகலும் கேட்பார்கள். இரண்டையும் ஏல மேடையிலேயே கொடுத்தால் பின்னால் ஆறு மாத அலைச்சல் மிச்சம்.

நகராட்சியின் சொந்த லாரி, ஜீப்புக்கு விதி வேறு. பதிவாகி 15 ஆண்டு கடந்த அரசு, உள்ளாட்சி வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் செல்லாது. அவை பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்துக்கே போக வேண்டும். பழைய இரும்புக் கடைக்குக் கொடுக்க முடியாது. மற்ற தட்டுமுட்டுச் சாமான்களில் பணம் போவது கலப்பதால். எரிந்துபோன பம்ப் மோட்டார், பித்தளை வால்வு, வார்ப்பிரும்புக் குழாய், சோடியம் விளக்குச் சோக்கு எல்லாவற்றையும் ‘பழைய இரும்பு’ என்று ஒரே குவியலாக எழுதினால், மோட்டாருக்குள் இருக்கும் செம்பு வியாபாரிக்கு இலவசம். பிரித்து எடை போடுங்கள். எடை மேடையில் வெறும் லாரிக்கும் சரக்கு லாரிக்கும் இரண்டு சீட்டு வாங்கும்போது நகராட்சி ஆள் இரண்டு முறையும் உடனிருக்க வேண்டும். கணினி, பிரின்டர் போன்றவை பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கு மட்டுமே. ஏலக் குவியலில் சேர்க்கக்கூடாது.

விழுந்த மரங்கள் பற்றியும் சொல்ல வேண்டும், மலை நகரத்தின் உபரிச் சொத்தில் அவையும் சேர்த்தி. மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955-இலிருந்து இருக்கிறது. வெட்டுவதற்கு அந்தச் சட்டப்படி அமைந்த குழுவின் அனுமதி, இறக்குவதற்கு வனத்துறை அனுமதிச் சீட்டு. இந்தத் தாள்கள் வருவதற்குள் கற்பூர மரம் வெடித்துவிடும், சில்வர் ஓக் கறுத்துவிடும். பலகைக்குப் போக வேண்டியது விறகு விலைக்குப் போகும். விழுந்த அன்றே நீளம், சுற்றளவு அளந்து படம் எடுத்து மகஜர் (நேரில் பார்த்து எழுதும் பதிவு) எழுதினால், அனுமதி வரும் வரை கட்டைகளைக் குச்சி வைத்துத் தரையிலிருந்து தூக்கி அடுக்கி வைக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், கேட்பாரற்ற மாட்டுக்கு நம் சட்டம் இவ்வளவு தயங்கவில்லை. 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டப்படி பவுண்டில் (பிடிபட்ட மாட்டை அடைக்கும் பட்டி) அடைத்து 7 நாள், அறிவித்து 7 நாள், அதற்கும் ஆள் வராவிட்டால் ஏலம். மாட்டுக்குத் தீனி போட வேண்டுமே! துருப்பிடிக்கும் வண்டி தீனி கேட்பதில்லை.

காலத்தைப் பின்னிருந்து எண்ணிப் பார்த்தால் திட்டம் கிடைத்துவிடும். தென்மேற்குப் பருவத்தில் கூடலூர், உதகைப் பக்கம் முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரிப் பாதையில் மண் சரியும். ஏப்ரல், மே சுற்றுலா சீசனில் சாலையில் இடமில்லை. மிஞ்சுவது ஜனவரி முதல் மார்ச் நடு வரை. பிப்ரவரியில் ஏலம், மார்ச் 15-க்குள் அப்புறப்படுத்தல் என்றால் ஜனவரியில் விளம்பரம், டிசம்பரில் நடுவர் உத்தரவும் மதிப்பீடும். அதற்கு ஆறு மாதம் நவம்பர் கடைசியில் முடிய வேண்டும். ஆக, அறிவிப்பு மே 31-க்குள் வந்தாக வேண்டும். ஜூனில் வந்தால் ஒரு மாதம்தானே என்று தோன்றும். விளம்பரமும் ஏலமும் தள்ளிப்போய், வாங்கியவர் வண்டியை இறக்கும் நாள் சீசன் நெரிசலில் விழும். ஒவ்வொரு நிலையமும் மே முதல் வாரத்தில் எத்தனை வண்டிகளுக்கு அறிவிப்பு கேட்டு நடுவரிடம் மனு கொடுத்தது என்ற எண்ணிக்கையை மாவட்ட நிர்வாகம் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உள்ளாட்சி, நீதிமன்றப் பணியாளர்கள் சிலர்,
குன்னூர்.