ரீமேப் கட்டுரையில் விடுபட்ட கிளட்ச்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். டீசல் லாரி இன்ஜினை ரீமேப் செய்து, அதாவது அதன் கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றி, சக்தியைக் கூட்டுவது பற்றி உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். டர்போ, இன்ஜெக்டர், புகை, மைலேஜ் என எல்லாம் இருந்தது. இன்ஜின் சக்தியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கிளட்ச் பற்றி மட்டும் ஒரு சொல் காணோம். கண்ணில் படாமல் போயிற்றோ என்று இன்னொரு முறையும் படித்தேன். இல்லை.

நான் சொந்த லாரியை நானே ஓட்டுபவன். ரீமேப் செய்த முதல் இரண்டு வாரம் சந்தோஷம்தான். கியர் குறைத்து முக்கி முனகி ஏறிய மேடுகளில் டாப் கியரிலேயே ஏறினேன். மூன்றாவது வாரம், முழு லோடு, நீளமான ஏற்றம். ஆக்சிலரேட்டரை அழுத்தினேன். இன்ஜின் சுற்றைக் காட்டும் ஆர்பிஎம் முள் 1,400-லிருந்து 1,800-க்குத் தாவியது; வேகமுள் அசையவே இல்லை. காலை எடுத்தால் பிடித்துக்கொள்ளும், மிதித்தால் மறுபடி இன்ஜின் மட்டும் கத்தும். கொஞ்ச நேரத்தில் கேபினுக்குள் கருகல் நாற்றம். கிளட்ச் வழுக்குகிறது என்று புரிந்தது.

ரீமேப் செய்தவரிடம் போனேன். "நீங்கள் கிளட்ச் பெடல் மேல் காலை வைத்தே ஓட்டுவீர்கள் போல" என்றார். இருபது வருடமாக ஓட்டுகிறேன், என் இடதுகால் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

அவர் என்னிடம் சொன்னதெல்லாம் எத்தனை குதிரைத்திறன் கூடும் என்பதுதான். கிளட்சுக்குக் குதிரைத்திறன் கணக்கு கிடையாது. அது தாங்க வேண்டியது டார்க்கை, அதாவது முறுக்குவிசையை. 50 கிலோவாட் கூடுகிறது என்று வையுங்கள். அது 2,400 ஆர்பிஎம்மில் கூடினால் கிளட்சுக்கு வரும் கூடுதல் டார்க் சுமார் 200 நியூட்டன் மீட்டர். அதே 50 கிலோவாட் 1,200-லேயே வந்தால் சுமார் 400. கீழ் ஆர்பிஎம்மில் இழுவை வேண்டும் என்றுதான் லாரிக்காரர்கள் எல்லோருமே கேட்கிறோம், நானும் அதைத்தான் கேட்டேன். கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு (இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரம்) அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் ஸ்பிரிங்கின் அழுத்தம், பிளேட் மேல் உரசும் பரப்பான லைனிங்கின் பிடிப்பு, பிளேட்டின் விட்டம், உரசும் முகங்கள் எத்தனை — கிளட்சின் தாங்கும் சக்தி இவ்வளவுதான். கம்ப்யூட்டரில் எதை மாற்றினாலும் இவற்றில் ஒன்றும் மாறாது.

ஒருமுறை வழுக்க ஆரம்பித்தால் கிளட்சே தன்னைக் கெடுத்துக்கொள்ளும். 800 நியூட்டன் மீட்டர் டார்க் போய்க்கொண்டிருக்கும்போது 400 ஆர்பிஎம் வித்தியாசத்தில் வழுக்கினால், 33 கிலோவாட்டுக்கு மேல் வெப்பமாக அங்கேயே இறங்கும். சூட்டில் லைனிங்கின் பிடி இன்னும் தளரும், வழுக்கல் இன்னும் கூடும்.

பழியை ரீமேப் மேல் போடுவதற்கு முன் என் மெக்கானிக் மற்றதையும் பார்த்தார். பெடலில் ஃப்ரீ பிளே (கிளட்ச் விலகத் தொடங்குமுன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) இருந்தது, ஹைட்ராலிக் சிலிண்டர் முழுசாகத் திரும்பியது. கியர்பாக்ஸை இறக்கியபோது கிராங்க் பின்புற ஆயில் சீலிலும் கசிவு இல்லை. பிளேட் கண்ணாடி மாதிரி பளபளத்தது. ஃப்ளைவீலில் நீலத் திட்டுகள், மயிரிழை விரிசல்கள். பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டலாம் என்ற என் நினைப்பு அங்கேயே போயிற்று.

சரி, பெரிய கிளட்ச் போட்டால் முடிந்ததா? அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட் போட்டால் பெடல் கனக்கும். நெரிசலில் முழங்காலுக்குத்தான் தெரியும். செராமிக் பிளேட் நன்றாகப் பிடிக்கும், ஆனால் வண்டியை எடுக்கும்போது உதறும். இரட்டை பிளேட் நல்லது, செலவு அதிகம். கடைசியில் நான் அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட்டும் புது ஃப்ளைவீலும் போட்டு, 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழே டார்க்கைக் குறைத்து ரீமேப்பைத் திருத்தச் சொன்னேன். புது பிளேட் படிந்து உட்காரும்வரை சில நூறு கிலோமீட்டர் முழு ஆக்சிலரேட்டர் கொடுக்கவில்லை. இப்போது வழுக்கவில்லை. பழைய மேடுகளில் ஒரு கியர் குறைக்கிறேன், அவ்வளவுதான்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று போட்டிருந்தீர்கள். அதில் குதிரைத்திறன் எண்ணோடு டார்க் வரைபடத்தையும் அச்சிடுங்கள். எந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு டார்க் வருகிறது, வண்டியில் இருக்கும் கிளட்ச் எவ்வளவு தாங்கும் என்று காசு கொடுப்பதற்கு முன்பே கேட்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தால், எனக்கு ஆனது இன்னொருவருக்கு ஆகாது.

இப்படிக்கு,
லாரி உரிமையாளரும் ஓட்டுநருமான ஒரு வாசகர்