கட்டுக்கடங்காதவன்னு கைகழுவுற பையன்கிட்டதான் முதல்ல போகணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சின்னப் பையன் ஒருத்தன் கத்தியால குத்திட்டான்னு நியூஸ் வந்தா போதும், அடுத்த சில நாளைக்கு வாசகர் கடிதம் பகுதியில ஒரே பாட்டுதான், வயசெல்லாம் பாக்காதீங்க, பெரியவங்க ஜெயில்ல தூக்கிப் போடுங்க, அப்பதான் மத்தவனுக்கும் பயம் வரும்னு. அந்தக் கோவத்த நான் குறை சொல்லல, குத்து வாங்குனவன் வீட்டுல இருந்து பாத்தா யாருக்கும் அப்படித்தான் தோணும். ஆனா அந்தப் பையன் என்னைக்கோ ஒரு நாள் வெளிய வரத்தான போறான், வந்து என்ன பண்ணுவான்னு ஒருத்தரும் எழுதுறதில்ல, அதுக்குத்தான் இந்த லெட்டர்.

பயம் காட்டுறத ஏற்கனவே செஞ்சு பாத்தாச்சு சார். அமெரிக்காவுல நியூ ஜெர்சி ராவே சிறையில 1970கள்ல ஆயுள் கைதிங்களே முன்ன நின்னு, பசங்கள உள்ள வரவழைச்சு மூஞ்சிக்கு நேரா கத்தி, இங்க வந்தா உன் கதி என்னாகும் தெரியுமாடான்னு மிரட்டி அனுப்புனாங்க. 1978ல அது டாக்குமெண்டரியா வந்ததும் எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு, பல ஊர்ல காப்பி அடிச்சாங்க. அப்புறம் இந்த மாதிரி புரோகிராம் பத்தின 9 ஆய்வ ஒண்ணா சேத்து பாத்தாங்க, குலுக்கல் முறையில பசங்கள ரெண்டா பிரிச்சு ஒரு பாதிய மட்டும் அனுப்பி பாத்த ஆய்வுங்க அதெல்லாம். போய்ட்டு வந்தவங்கதான் போகாதவங்கள விட அதிகமா தப்பு பண்ணிருக்காங்க. சும்மா விட்டிருந்தாலே தேவலாம்!

அதுக்காக அன்பா நாலு வார்த்தை பேசுனா போதும்ங்கிற கூட்டத்துலயும் நான் இல்ல. 1939ல மாசசூசெட்ஸ் மாநிலத்துல 500 சொச்சம் பசங்கள எடுத்து, பாதி பேருக்கு மட்டும் ஆலோசகர், டியூஷன், சம்மர் கேம்ப்னு வருஷக்கணக்கா உதவி பண்ணாங்க, நல்ல மனசோடதான் பண்ணாங்க. 30 வருஷத்துக்கும் மேல கழிச்சு ஜோன் மெக்கார்டுங்கிற ஆராய்ச்சியாளர் அவங்களயெல்லாம் தேடிப் பிடிச்சு பாத்தா, உதவி கிடைச்சவங்க நிலைமை பல விஷயத்துல கிடைக்காதவங்கள விட மோசம், அதுலயும் திரும்பத் திரும்ப கேம்ப் போன பசங்ககிட்ட அது இன்னும் தெளிவா தெரிஞ்சுது. வம்பு பண்ற பசங்கள ஒரே எடத்துல அடைச்சு வச்சா ஒருத்தன் செஞ்ச சேட்டைய இன்னொருத்தன்கிட்ட பெருமையா சொல்லி கைதட்டு வாங்குறதுதான் அங்க பாடம், இது நம்ம சீர்திருத்த இல்லங்கள நடத்துறவங்களுக்கும் தெரியாததா என்ன.

சரி, யாருக்கு செய்யணும்? ஃபிலடெல்ஃபியாவுல 1945ல பிறந்த கிட்டத்தட்ட 10,000 பசங்களோட போலீஸ் ரெக்கார்ட பாத்து 1972ல ஒரு ஆய்வு வந்துச்சு. அதுல வெறும் 6 சதவீதம் பேர் அஞ்சு தடவையோ அதுக்கு மேலயோ மாட்டுனவங்க, மொத்த குற்றத்துல பாதிக்கு மேல அவங்க கணக்குதான். மாட்டுன மிச்ச பேர்ல பெரும்பாலானவங்க வயசு ஏற ஏற தானாவே திருந்திடுறாங்க, அவங்கள போட்டு நோண்டுனா சில சமயம் கெட்டுதான் போவாங்க. ஆனா நடைமுறையில தலைகீழா நடக்குது. சொன்ன பேச்சு கேக்குற பையனுக்கு கவுன்சலிங், தொழிற்பயிற்சி, சர்டிஃபிகேட், போட்டோ எல்லாம் உண்டு. கை நீட்டுறவன், கெட்ட வார்த்தையில திட்டுறவன், வகுப்புல உக்காராதவன், இவன கோர்ஸ்ல இருந்து பேர அடிச்சு விட்டுடுறாங்க. யாருக்காக அந்தக் கோர்ஸ் வச்சாங்களோ அவன் வெளிய!

இதுக்கு நேர்மாறா ஒரு எடம் இருக்கு, விஸ்கான்சின் மாநிலத்துல மெண்டோட்டான்னு. 1995ல ஆரம்பிச்சது, ஒரு மனநல மருத்துவமனைக்குள்ள இருக்கு. மத்த இல்லங்களால சமாளிக்கவே முடியாத பசங்களதான் அங்க அனுப்புறாங்க. அங்க வேலை பாத்த கால்ட்வெல், வான் ரைப்ரோக் ரெண்டு பேரும் கவனிச்சது என்னன்னா, மத்த இல்லங்கள்ல பையன் முரண்டு பிடிக்கிறான், தண்டனை குடுக்குறாங்க, அவன் இன்னும் முரண்டு பிடிக்கிறான், தண்டனை இன்னும் ஏறுது, கடைசியில அவன்கூட மனுஷங்க பேசுறதே நின்னு போயிடுது. மெண்டோட்டாவுல காவல் கெடுபிடி குறைவுன்னு நினைச்சுடாதீங்க, நல்லாவே உண்டு. ஆனா அவன் என்ன ஆட்டம் போட்டாலும் பேச்ச நிறுத்துறதில்ல. ஒரு நாள்ல பல தடவ நடத்தைக்கு மார்க் போடுறாங்க, இன்னைக்கு வாங்குற மார்க்குதான் நாளைக்கு கிடைக்கிற சலுகை. இன்னைக்கு சொதப்பிட்டானா, நாளைக்கு காலையில கணக்கு புதுசா ஆரம்பம். இந்த மாதிரி பசங்களுக்கு தண்டனை பெருசா உறைக்கிறதில்ல, உடனே கையில கிடைக்கிற சின்ன பரிசுதான் உறைக்குது, அத வச்சே கொஞ்சம் கொஞ்சமா இழுத்துட்டு வர்றாங்க.

பலன் என்னன்னு கேளுங்க. அங்க சிகிச்சை முடிச்ச பசங்களயும், அங்க கொஞ்ச நாள் மட்டும் இருந்துட்டு பழைய இல்லத்துக்கே திரும்புன பசங்களயும் வெளிய வந்த பிறகு சில வருஷம் தொடர்ந்து பாத்தாங்க. ரெண்டாவது கூட்டத்து கையால செத்தவங்க 16 பேர். முதல் கூட்டத்துல ஒரு கொலை கூட இல்ல. செலவு ஜாஸ்திதான், ஆனா போட்ட ஒரு டாலருக்கு 7 டாலருக்கு மேல மிச்சம்னு கணக்கு போட்டுருக்காங்க. பணத்த விடுங்க, அந்த 16 வீட்ட நினைச்சு பாருங்க, பாதிக்கப்பட்டவங்க பக்கம் நிக்கிறேன்னு சொல்றவங்க முதல்ல கேக்க வேண்டியது இதத்தான்.

இன்னொன்னு, வெளிய வந்த பிறகு. கேட்டுக்கு வெளிய பழைய கூட்டாளி பைக்கோட நிப்பான், வேற யாரும் நிக்க மாட்டாங்க. மாசசூசெட்ஸ்ல ரோகான்னு ஒரு அமைப்பு 1988ல இருந்து இயங்குது, அவங்க ஆளுங்க பையன் வீட்டுக் கதவ தட்டுவாங்க, வராதன்னு திட்டி கதவ சாத்துனாலும் மறுபடி போய் தட்டுவாங்க, பையன் வந்தா பாப்போம்னு ஆபீஸ்ல உக்காந்திருக்க மாட்டாங்க. வேலைக்கு சேத்து விட்டு அவன் சண்டை போட்டு வேலைய தொலைச்சாலும் கணக்க மூட மாட்டாங்க, திரும்ப சேத்து விடுவாங்க. சறுக்குவான்னு தெரிஞ்சேதான் ஆரம்பிக்கிறாங்க. நம்ம ஆளுங்க முதல் சறுக்கல்லயே, பாத்தியா நான் அப்பவே சொன்னேன்ல, திருந்தாத ஜென்மம்னு ஃபைல மூடிடுறாங்க.

உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள் சார். அடுத்த தடவ ‘விடுதலையான சிறுவன் மீண்டும் கைது’ன்னு செய்தி போடும்போது, அவன் பழைய கேஸ் லிஸ்ட்டோட நிறுத்திக்காம, அவன் வெளிய வந்த முதல் மாசம் அவன போய் பாத்தது யாரு, எத்தனை தடவ பாத்தாங்க, உள்ள இருந்தப்ப அவன எந்த கோர்ஸ்ல இருந்து எதுக்காக வெளியேத்துனாங்கன்னு உங்க நிருபர விட்டு சம்பந்தப்பட்ட அதிகாரிகிட்ட கேட்டு, அவங்க சொல்ற பதில அப்படியே கீழ போடுங்க. பதிலே வரலன்னா அதையும் போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்