தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு தார்ப்பாய் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காங்கேயத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். சித்திரை பிறந்தால் போதும், பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர் விஷம் என்று வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. ஃப்ரீசரில் வைத்தால் டயாக்சின் என்ற நச்சு ரசாயனம் தண்ணீரில் இறங்குமாம். குளிரில் எதுவும் இறங்குவது குறையத்தான் செய்யும். பாட்டிலில் பிஸ்பீனால் என்ற, ஹார்மோன்களைக் குழப்பும் ரசாயனம் இருக்கிறதாம். ஒரு லிட்டர் பாட்டிலின் அடியைத் திருப்பினால் முக்கோணத்துக்குள் 1 என்று இருக்கும். அது பெட் (PET) என்ற வகைப் பிளாஸ்டிக். அதைச் செய்வதற்குப் பிஸ்பீனால் தேவையே இல்லை.

பயப்பட வேண்டியது வெயிலுக்கு. பெட் தயாரிக்கும்போது வினையூக்கியாக ஆண்டிமனி ஆக்சைடு போடுகிறார்கள். ஆண்டிமனி, அளவு மீறினால் உடம்புக்குக் கெடுதியான ஒரு தனிமம். அதில் கொஞ்சம் பிளாஸ்டிக்கிலேயே தங்கிவிடும். நிழலில் இருக்கும்வரை தண்ணீருக்குள் வருவது மிகச் சொற்பம். சூடு ஏற ஏற, நாளாக ஆக, கூடிக்கொண்டே போகும். தண்ணீரில் ஆண்டிமனி லிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்பது நம் நாட்டுத் தர விதி. ஒரு மத்தியானம் பைக்கில் கிடந்த பாட்டிலைக் குடித்தால் ஒன்றும் ஆகிவிடாது. 60 டிகிரி சூட்டில் மாதக்கணக்கில் வைத்தபோதுதான் அமெரிக்காவின் எல்லையான 6 மைக்ரோகிராமைத் தாண்டியது என்கிறது அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 2008-இல் வெளியிட்ட ஆய்வு.

சரி, நம்மூர் சரக்கு எப்படி வருகிறது? ஈரோடும் கரூரும் கோடையில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அந்த வெயிலில் திறந்த வண்டியில் கேஸ் கேஸாக அடுக்கிக்கொண்டு கடை கடையாகச் சுற்றுகிறார்கள். இறக்கும்போது தொட்டால் கை சுடும். சுற்றியிருக்கும் பாலித்தீன் உள்பக்கம் வியர்த்திருக்கும். மூடியைத் திறந்தால் ஒரு இனிப்பு வாடை வரும். அது பெரும்பாலும் அசிட்டால்டிஹைடு என்ற ரசாயனம், அதுவும் பெட் பிளாஸ்டிக்கிலிருந்து வருவதுதான். "தார்ப்பாய் போட்டு மூடக்கூடாதா தம்பி?" என்றால், "தண்ணிதானுங்ணா, கெட்டா போகப் போகுது?" என்கிறார் டிரைவர். பாவம், அவரைச் சொல்லி என்ன பயன்? குடோனும் தகரக் கொட்டகைதான், மிஞ்சிய சரக்கு அடுத்த மாதம் வரை அதற்குள்ளேயே கிடக்கும். நேரடி வெயிலில் வைக்காதீர்கள் என்று லேபிளில் எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சடித்திருப்பதை யார் படிக்கிறார்கள்?

அப்புறம் 20 லிட்டர் கேன். கண்ணாடி போலத் தெளிவாகக் கெட்டியாக இருக்கிறதே, அது பெரும்பாலும் பாலிகார்பனேட், பிஸ்பீனாலை வைத்தே செய்யும் பிளாஸ்டிக். பிஸ்பீனால் பயம் நியாயமாக அங்கேதான் இருக்க வேண்டும். கேன் பழசாகி உள்ளே கீறல் விழ விழ, சுடுதண்ணீரிலும் காரத்திலும் கழுவக் கழுவ, பிஸ்பீனால் கூடுதலாகக் கசியும். குழந்தைகளின் பால் பாட்டிலுக்குப் பாலிகார்பனேட் கூடாது என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2015-லேயே விதி மாற்றிவிட்டது. வீட்டுக்கு வரும் கேனோ மங்கிப்போய், எந்த வருஷத்தது என்றே தெரியாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

கடைக்குச் சோதனைக்கு வருகிறவர்கள் தேதியைப் பார்க்கிறார்கள், முத்திரையைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், வேண்டியதுதான். கூடவே பங்குனி முதல் ஆனி வரையாவது தண்ணீர் ஏற்றிவரும் வண்டிகளையும் குடோன்களையும் ஒரு நடை பார்க்கட்டும். தார்ப்பாய் இல்லாத வண்டிக்கு அபராதம் போடட்டும். கேனில் அது செய்த வருஷத்தைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பதிக்கச் சொல்லட்டும். வெயிலில் சுட்ட கேஸைத் திருப்பி அனுப்பினால் அடுத்த லோடு தரமாட்டேன் என்கிறார்கள் எங்களுக்குச் சப்ளை செய்கிறவர்கள். அதற்கும் அதிகாரிகள் ஒரு வழி சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்,
காங்கேயம்.