முப்பதுக்கும் எழுபதுக்கும் ஒரே சீட்டு எழுத முடியாது: கையேட்டுக்கு உதவியவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையை வயதுவாரியாக விளக்கும் எங்கள் கையேடு அச்சுக்குப் போய்விட்டது. பக்கம் பக்கமாகத் திருத்தியவர்கள், போதாது என்று திருப்பி அனுப்பியவர்கள், சிகிச்சை முடித்து எங்கள் வரிகளைத் தங்கள் உடம்போடு ஒப்பிட்டுப் பார்த்த பெண்கள் அனைவருக்கும் இந்த மடல். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டீர்கள். அதனால் யார் எதைத் தந்தீர்கள் என்பதைச் சொல்லியே நன்றி கூறுகிறோம்.

முதலில் கருத்தரிப்பு மருத்துவர்கள். குழந்தை பற்றிய பேச்சு கீமோவின் முதல் ஊசிக்கு முன்பே நடந்தாக வேண்டும் என்று அதை முன்பக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் நீங்கள். பிற்பாடு பயன்படுத்த உறையவைப்பதற்காகக் கருமுட்டை எடுக்க ஏறக்குறைய இரண்டு வாரம் போதும். மாதவிடாய் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, சுழற்சியின் எந்த நாளிலும் முட்டை வளர்க்கும் ஊசியைத் தொடங்கலாம். ஹார்மோன் சார்ந்த கட்டி, அதாவது ஈஸ்ட்ரோஜனால் வளரும் கட்டி என்றால் கூடவே லெட்ரோசோல் மாத்திரை கொடுத்து ஈஸ்ட்ரோஜன் ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம். சூலகத்தைத் தற்காலிகமாக ஓயவைக்கும் கோசெரிலின் 3.6 மில்லிகிராம் ஊசியை 28 நாளுக்கு ஒருமுறை, முதல் ஊசியைக் கீமோவுக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்னதாகப் போட்டால் சூலகத்துக்கு ஓரளவு காப்பு கிடைக்கும். ஆனால் அது முட்டையை உறையவைப்பதற்கு மாற்று ஆகாது. இந்த வரி தடித்த எழுத்தில்தான் வர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றீர்களே, அதற்குத் தனி நன்றி.

2023இல் வெளியான, ‘பாசிட்டிவ்’ என்று பெயரிட்ட ஆய்வை எளிமையாக்கித் தந்ததும் நீங்கள்தான். 42 வயது வரையிலான பெண்கள் 18 முதல் 30 மாதம் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை எடுத்து, கருத்தரிப்பதற்காக இரண்டு ஆண்டு வரை நிறுத்திப் பார்த்த ஆய்வு அது. மூன்று ஆண்டு முடிவில் நோய் திரும்பியவர்கள் 8.9 சதவீதம், நிறுத்தாத ஒப்பீட்டுக் குழுவில் 9.2 சதவீதம். நம்பிக்கை தரும் கணக்குதான். ஆனாலும் ஹார்மோன் சார்ந்த கட்டி பத்து ஆண்டு கழித்தும் தலைகாட்டக் கூடியது. எனவே மாத்திரையை நிறுத்தி மூன்று மாதம் கழித்தே கருவுறுவது, மகப்பேறு முடிந்தபின் மாத்திரையை மறக்காமல் மறுபடி தொடங்குவது என்ற இரண்டையும் சேர்த்தே அச்சிட்டிருக்கிறோம்.

கையேட்டின் மையமே மாறியது புற்றுநோய் மருத்துவர்களும் மருந்தாளுநர்களும் அனுப்பிய குறிப்புகளால். வயது என்று நாம் சொல்வதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: சூலகம் வேலை செய்கிறதா, உடம்பில் எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்கிறது. பிறந்த தேதி இந்த இரண்டுக்கும் முழுப் பதில் சொல்லாது.

முதல் கேள்வியில்தான் பிழை அதிகம் நடக்கிறது. கீமோவுக்குப் பிறகு 43 வயதுப் பெண்ணுக்கு மாதவிடாய் வருவதில்லை, அதனால் சூலகம் ஓய்ந்துவிட்டது என்று எண்ணி லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற அரோமட்டேஸ் தடுப்பியை மட்டும் எழுதிவிடுகிறார்கள். கொழுப்பிலும் தசையிலும் ஈஸ்ட்ரோஜன் உருவாவதை இந்த மாத்திரை தடுக்கும். சூலகத்தில் உயிர் மிச்சமிருந்தாலோ கதை வேறு. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி சூலகத்தை உசுப்பிவிடும், ஈஸ்ட்ரோஜன் மறுபடி ஏறும், கரு கூட உண்டாகலாம். கருத்தரிப்புச் சிகிச்சையில் முட்டை வளர்க்க லெட்ரோசோல் கொடுப்பது இதே காரணத்தால்தான். ஆகவே இந்த வயதில் சூலகத்தை ஊசியாலோ அறுவையாலோ அடக்கிய பிறகே அந்த மாத்திரை, இல்லையென்றால் ஈஸ்ட்ரோஜன் புற்றணுவில் வேலை செய்யாமல் தடுக்கும் டமோக்சிஃபென் மாத்திரை. எஸ்ட்ராடயால் என்ற முக்கிய ஈஸ்ட்ரோஜனை அளக்கும் இரத்தப் பரிசோதனையும் நுண்ணிய அளவைக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் இருக்க வேண்டும். சாதாரண ஆய்வு முறை மிகக் குறைந்த அளவுகளில் நம்பத்தக்கதல்ல.

டமோக்சிஃபென் நாளொன்றுக்கு 20 மில்லிகிராம். மனச்சோர்வுக்கோ உடம்பில் திடீரென்று எழும் சூட்டுக்கோ பராக்ஸெட்டின், ஃபுளூவாக்ஸெட்டின் சேர்ந்தால், டமோக்சிஃபெனை வீரியமுள்ள வடிவாக மாற்றும் கல்லீரல் நொதி தடைபடும். வென்லாஃபாக்ஸின் அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. டமோக்சிஃபென் கருவைப் பாதிக்கும் மருந்து என்பதால் இளம் பெண்களுக்குக் காப்பர்-டி போன்ற ஹார்மோன் இல்லாத கருத்தடை தேவை. இரத்தக்கட்டு, கருப்பை உட்சுவர்ப் புற்று ஆகிய அபாயங்கள் 50 தாண்டியவர்களிடம் கூடுதல். மாதவிடாய் நின்றபின் துளி இரத்தம் பட்டாலும் அன்றே சொல்லுங்கள்.

கீமோ தேவையா என்ற முடிவிலும் ஐம்பது வயது ஒரு கோடு. 2018இல் வந்த டெய்லர்எக்ஸ் ஆய்வில், நிணநீர்க்கணுவுக்குப் பரவாத, ஹார்மோன் சார்ந்த, எச்இஆர்2 என்ற வளர்ச்சிப் புரதம் மிகாத கட்டிக்கு, அதன் மரபணுக்களைச் சோதித்து நோய் திரும்பும் வாய்ப்பைக் கணிக்கும் மதிப்பெண் 11 முதல் 25 வரை இருந்தபோது, 50 தாண்டியவர்களுக்குக் கீமோவால் கூடுதல் பயன் தெரியவில்லை. 50 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களில் 16 முதல் 25 வரை மதிப்பெண் பெற்றோருக்கு ஓரளவு பயன் இருந்தது. கீமோ சூலகத்தை அடக்குவதே அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. இங்கும் வயதுக்குப் பின்னால் நிற்பது சூலகம்தான்.

அறுவை மருத்துவர்களுக்கு ஒரு வரிக்காக நன்றி: புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பரம்பரை மரபணு மாற்றம் இல்லாத இளம்பெண் பயத்தில் நலமாக உள்ள மற்றொரு மார்பகத்தையும் எடுத்தால் ஆயுள் கூடுவதாகத் தெரியவில்லை.

முதியோர் மருத்துவர்களே, இரண்டாம் கேள்விக்குக் கைகால் கொடுத்தவர்கள் நீங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் சோதனை ஒன்றே எவ்வளவு சொல்லிவிடுகிறது! 12 விநாடி தாண்டினால் விழும் அபாயத்தைக் கவனிக்க வேண்டும். இதோடு நினைவாற்றல், எடைக் குறைவு, ஏற்கெனவே விழுங்கும் மாத்திரைகள், வீட்டில் துணை யார் என்பதையும் கேட்கச் சொன்னீர்கள். எழுபது கடந்தவருக்குச் சிறிய, ஹார்மோன் சார்ந்த கட்டி என்றால், கட்டியை எடுத்து டமோக்சிஃபென் கொடுத்தபின் கதிர்வீச்சைத் தவிர்க்கலாமா என்று ஆராய்ந்த சிஏஎல்ஜிபி 9343 என்ற ஆய்வின் பத்தாண்டு முடிவு: கதிர்வீச்சு பெற்றவர்களில் அதே பகுதியில் நோய் திரும்பாதவர்கள் 98 சதவீதம், பெறாதவர்களில் 90. ஆயுளில் வேறுபாடு இல்லை. ஆனால் அந்தத் தவிர்ப்பு மாத்திரையை நம்பி நிற்பது. முதல் ஆண்டிலேயே மூட்டுவலி தாங்காமல் மாத்திரையை விட்டுவிட்டால் இரண்டு காப்பும் போய்விடும். அதனால் மாத்திரையை எவ்வளவு காலம் எடுக்க முடியும் என்பதை முதலில் பேசுங்கள்.

அதற்காக வயதானவர் என்று சிகிச்சையை வெறுமனே குறைப்பதும் தீங்கு. 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான கீமோவுக்குப் பதில் கேப்சிடபின் மாத்திரை மட்டும் பெற்றவர்களே பின்தங்கினார்கள். கீமோ தாங்கும் உடம்புக்கு அதை மறுக்கக் கூடாது.

சிகிச்சைக்குப் பிறகான பகுதி, வாசித்துத் திருத்திய பெண்களுடையது. 35இல் திடீரென்று வரும் மாதவிடாய் நிறுத்தம் வேறு, 55இல் மெல்ல வருவது வேறு. பிறப்புறுப்பு வறட்சியும் தாம்பத்திய வலியும் கேட்டால் மட்டும் சொல்லப்படுபவை, ஆகவே மருத்துவரே கேட்க வேண்டும். முதலில் ஹார்மோன் இல்லாத ஈரப்பதக் களிம்பு, உறவுக்கு மசகு. அரோமட்டேஸ் தடுப்பி எடுப்பவருக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனை தொடக்கத்திலும் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும். எலும்பைக் காக்கும் சோலெட்ரோனிக் அமில ஊசி போடுவதானால் பல் மருத்துவரைப் பார்த்த பிறகே. மூத்த பெண்கள் சேர்க்கச் சொன்னது வேறு: மருத்துவர், கூட வந்த பிள்ளைகளிடம் அல்ல, நோயாளியிடமே பேச வேண்டும். சேர்த்துவிட்டோம்.

கடைசியாக, வடிவமைத்தவர்களுக்கு. பின்னட்டையில் கிழித்து எடுத்துப் போக ஒரு தாள் வைத்தீர்கள். அதில் உள்ளவை: என் சூலகம் இன்னும் வேலை செய்கிறதா, எப்படிச் சோதித்தீர்கள்? இந்தச் சிகிச்சையால் எனக்குக் கிடைக்கும் கூடுதல் பயன் நூற்றில் எத்தனை? எடுக்காவிட்டால் எத்தனை? நான் பார்த்துக்கொள்ள வேண்டியவர் வீட்டில் யார், அந்த வாரங்களில் அவரை யார் பார்ப்பது? பதில் எழுத இடம் விட்டிருக்கிறீர்கள். பேனாவோடு போகச் சொல்கிறோம்.

நன்றியுடன்,
கையேட்டுக் குழுவினர்