படைப் பதக்கத்தைப் பல்பொடியால் துலக்காதீர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் இணைப்பில் சென்ற வாரம் வந்த வீட்டுக் குறிப்புகளில், கறுத்துப்போன வெள்ளிச் சாமான்களையும் பழைய பதக்கங்களையும் எலுமிச்சைச் சாறும் பல்பொடியும் கொண்டு தேய்த்தால் புதிதுபோல் மின்னும் என்று கண்டேன். குங்குமச் சிமிழுக்கும் பன்னீர்ச் செம்புக்கும் அது சரிப்படலாம். படைவீரர் பதக்கத்துக்கு அது ஆகாது என்பதை, அதையே செய்து ஒரு பதக்கத்தைக் கெடுத்தவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

என் தாத்தா முதல் உலகப் போரில் மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையில் மெசபடோமியா (இன்றைய ஈராக்) சென்று திரும்பியவர். எங்கள் வீட்டில் இன்றும் அவரை 'பஸ்ராவுக்குப் போனவர்' என்றுதான் சொல்வார்கள். அவருக்குக் கிடைத்த பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் 36 மில்லிமீட்டர் விட்டமுள்ள வெள்ளி வட்டு. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபக்கம் குதிரைமேல் ஆடையற்ற வீரன், காலடியில் கழுகுச் சின்னம் பொறித்த கேடயம், 1914, 1918 என்ற ஆண்டுகள். இந்தப் பதக்கம் மொத்தம் சுமார் 65 லட்சம் பேருக்கு வழங்கப்பட்டது. அத்தனையிலும் அதே மன்னர், அதே குதிரை. இது எங்கள் தாத்தாவுடையது என்று சொல்வதற்குள்ள ஒரே சான்று, விளிம்பைச் சுற்றிச் சிறு ஆங்கில எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கும் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவைதான். பலர் வீட்டில் அந்த விளிம்பை யாரும் திருப்பிப் பார்த்ததே இல்லை.

நானும் பார்க்கவில்லை. ஒரு தீபாவளிக்கு முன்தினம், பல்பொடியும் விபூதியும் குழைத்து, பழைய பிரஷ்ஷால் அரை மணி நேரம் தேய்த்தேன். வட்டு பளபளத்தது, மன்னரின் தாடி வழுவழுப்பானது, விளிம்பில் பெயரின் முதல் மூன்று எழுத்துகள் மழுங்கிப்போயின. அந்தத் தேய்ப்பிலேயே, ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த குறுக்குப்பட்டை, அதாவது நாடா கோக்கும் பகுதி, கையோடு வந்துவிட்டது. அதை ஒரு ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் கொடுத்து ஈயம் வைத்துப் பற்றவைத்தது என் இரண்டாவது தவறு. பின்னாளில் பொற்கொல்லர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, 'இனி இதை வெள்ளிப் பற்றாக மாற்றப் பொடி வைத்து நெருப்பு ஊதினால் ஈயம் வெள்ளிக்குள் இறங்கிக் குழி விழுந்துவிடும்' என்றார். போன எழுத்துகளை மறுபடி செதுக்கித் தருவதாகவும் அவர் அன்போடு சொன்னார், மறுத்துவிட்டேன். தேய்ந்த பெயராவது உண்மையான பெயர்.

வெள்ளியின் கறுப்பு அழுக்கு அல்ல. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி சேர்ந்து உண்டாகும் வெள்ளி சல்பைடு. தோல் பதனிடும் ஊரான பேரணாம்பட்டிலுள்ள என் தங்கை வீட்டில் கொலுசுகூட எங்கள் பரதராமியைவிட விரைவாகக் கறுக்கிறது. தோல் பதனிடுகையில் மயிர் நீக்கச் சோடியம் சல்பைடு பயன்படுவதை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிராது. தேய்த்து எடுக்கும்போது அந்தப் படலத்தோடு கொஞ்சம் வெள்ளியும் போகிறது. அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் போட்ட வெந்நீரில் அமிழ்த்தும் முறை சல்பைடை மீண்டும் வெள்ளியாக மாற்றுவது உண்மை. ஆனால் எழுத்துப் பள்ளங்களில் தங்கி எழுத்தை எடுப்பாகக் காட்டும் கறுப்பையும் அது வெளுத்துவிடுவதால், பதக்கம் உயிரற்ற வெண்மையாகிவிடும்.

முதலில் செய்ய வேண்டியது, இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து விளிம்பைச் சுற்றிப் படம் எடுத்துவைப்பதே. எனக்கு மழுங்கிய மூன்றில் இரண்டு எழுத்துகள் அப்படித்தான் தெரியவந்தன. பிறகு நாடாவைக் கழற்றிவிட்டு, பேட்டரிக்கு ஊற்றும் வாலை வடித்த நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, குழந்தைகளின் மென்மையான பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் எடுத்து, வெறும் வாலை நீரில் அலசி, பருத்தித் துணியால் ஒற்ற வேண்டும். வெண்கலப் பதக்கமாயின் வெளிர் பச்சையாகப் பொடி உதிர்கிறதா என்று பாருங்கள். உதிர்ந்தால் அது ஈரத்தில் பரவும் குளோரைடு அரிப்பு, புளியால் தேய்ப்பது அதைத் தீர்க்காது.

நாடா பட்டு, நடுவில் ஆரஞ்சு நிறம், இருபுறமும் வெள்ளை, கறுப்பு, ஓரத்தில் நீலம். தண்ணீர் பட்டால் சாயம் ஒன்றோடொன்று கலக்கும் என்பதால் துவைக்கவே கூடாது. எங்கள் நாடாவில் ஊக்குத் துரு இரண்டு பழுப்புப் புள்ளிகளாக நிற்கிறது; அதை அப்படியே விட்டு, பின்புறம் மெல்லிய பருத்தித் துணி வைத்து என் மனைவி தைத்துக் கொடுத்தார்.

பத்திரப்படுத்துவதிலும் பிழை நேர்கிறது. ரப்பர் பேண்டு போட்டால் அதிலுள்ள கந்தகம் மன்னரின் கழுத்தில் ஒரு கறுப்புக் கோடாக இறங்கும், பி.வி.சி. பிளாஸ்டிக் உறையும் நாளடைவில் உலோகத்தை அரிக்கும். செய்தித்தாளில் சுற்றிவைப்பதும் ஆகாது. தங்கள் நாளிதழுக்கும் விலக்கில்லை, ஆசிரியர் பொறுத்தருள்க. வெளுக்காத, துவைத்த பருத்தித் துணியும், ஆம்பூர்க் காலணிப் பெட்டிகளில் கிடைக்கும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் மூடியிறுகிய டப்பாவில் போதும்.

இந்தத் தமிழக-ஆந்திர எல்லைப் பகுதியில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைவு. சித்தூர்ப் பக்கமுள்ள எங்கள் உறவினர் வீடுகளிலும் அரிசிப் பானைக்குள் பதக்கம் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். எழும்பூர் அருங்காட்சியகத்தில் உலோகப் பொருள்களைப் பாதுகாக்கும் வேதியியல் ஆய்வகம் உண்டு. வேலூர்க் கோட்டைக்குள்ளும் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அவர்களும் முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு நாள், பதக்கம் வைத்திருக்கும் குடும்பங்களை அழைத்து, எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று காட்டித்தர வேண்டுமெனத் தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அப்படி ஒரு நாள் வைத்தால், கெட்டுப்போனதற்கு மாதிரியாக என் தாத்தாவின் பதக்கத்தையே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்,
பரதராமி, வேலூர் மாவட்டம்.