கொசுவையும் உண்ணியையும் தேடிப் போனவங்களப் பத்தி எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

போன வாரம் நம்ம பேப்பர்ல உண்ணிக் காய்ச்சல் பத்தி ஒரு செய்தி வந்துச்சு, அதுல ‘உண்ணி மூலம் பரவும் வைரஸ், மருந்து இல்லை’ன்னு போட்டிருந்தீங்க. படிச்சதுல இருந்து மனசு கேக்கல, அதான் எழுதுறேன். நம்ம பக்கம் டாக்டருங்க உண்ணிக் காய்ச்சல்னு சொல்றது ஸ்க்ரப் டைபஸ். அது வைரஸே இல்லீங்க, பாக்டீரியா. பரப்புறதும் மாட்டு மேல ஒட்டிக்கிட்டு இருக்குமே அந்த உண்ணி இல்ல, புதர்ல இருக்கிற, கண்ணுக்கு சரியா தெரியக்கூட தெரியாத ஒரு சின்னப் பூச்சியோட குஞ்சு. கடிச்ச எடத்துல சிகரெட்டால சுட்ட மாதிரி கருப்பா பொருக்கு தட்டி நிக்கும் (எல்லாருக்கும் நிக்காது), சீக்கிரமா கண்டுபிடிச்சா டாக்ஸிசைக்ளின் மாத்திரைல சரியாயிடும். மாத்திரை இருக்கிற நோய்க்கு மருந்தே இல்லன்னு பேப்பர்ல வந்தா படிக்கிறவங்க பயந்துபோய் வீட்டுலயே படுத்துடுவாங்க, தயவுசெஞ்சு ஒரு திருத்தம் போடுங்க.

நெஜமாவே உண்ணி பரப்புற வைரஸ் வேற. கர்நாடகாவுல மங்கன காயிலேன்னு சொல்லுவாங்க, நாம குரங்குக் காய்ச்சல்னு சொல்றோம். 1957ல ஷிமோகா ஜில்லா சொரபா தாலுகாவுல கியாசனூர் காட்டுல குரங்குங்க செத்து செத்து விழுந்துச்சு, கூடவே காட்டுக்கு விறகு பொறுக்கவும் மாடு மேய்க்கவும் போன சனங்களுக்கும் காய்ச்சல் வந்துச்சு. குரங்கும் மனுசனும் சேர்ந்து சாகுறதப் பாத்ததும் மொதல்ல எல்லாரும் பயந்தது மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள்ள வந்துடுச்சோன்னுதான். புனேயில 1952ல ஆரம்பிச்ச வைரஸ் ஆராய்ச்சி மையத்துல இருந்து (இப்போ என்ஐவி, தேசிய வைராலஜி நிறுவனம்னு சொல்றோமே அதேதான்) டெல்ஃபோர்டு வொர்க், ஹெரால்டு டிராபிடோன்னு ஆளுங்க காட்டுக்குள்ள போயி செத்த குரங்க எடுத்தாங்க, உண்ணிய எடுத்தாங்க, பாத்தா அது மஞ்சள் காய்ச்சல் இல்ல, ரஷ்யா பக்கம் உண்ணி பரப்புற மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு சொந்தக்கார வைரஸ், உலகத்துக்கே புதுசு. அந்த வேலை செஞ்ச லேப் ஆளுங்களுக்கே எத்தனையோ பேருக்கு காய்ச்சல் வந்துச்சு. அப்புறம் ஜார்ஜ் போஷெல்னு கொலம்பியாக்காரர் அதே காட்டுல பல காலம் உக்காந்து, காட்ட வெட்டி வயலாக்கி ஓரத்துல மாடு மேய விட்டதுதான் உண்ணி பெருகுறதுக்குக் காரணம், பெரிய உண்ணிக்கு மாட்டு ரத்தம் கெடச்சா போதும் அது பாட்டுக்கு முட்ட போட்டுத் தள்ளிடும்னு எழுதி வச்சார். இன்னைக்கு வயநாட்டுலயும் நீலகிரி ஓரத்துலயும் அந்தக் காய்ச்சல் எட்டிப் பாத்திருக்கு. போட்டுட்டு இருந்த பழைய தடுப்பூசியும் சரியா வேலை செய்யலன்னு 2022ல நிறுத்திட்டாங்க, புதுசுக்கு இப்பதான் வேலை நடக்குது. அப்படின்னா 65 வருஷத்துக்கு முன்னாடி காட்டுல வெள்ளத் துணிய இழுத்துக்கிட்டு நடந்து, அதுல ஒட்டுற உண்ணிய ஒவ்வொண்ணா இடுக்கியால எடுத்து எண்ணுனாங்களே, அந்த வேலை இன்னைக்கும் முடியலதானே.

இதெல்லாம் உனக்கு எப்படிய்யா தெரியும்னு கேக்கலாம். எங்கப்பா பூச்சி பிடிக்கிற வேலைல இருந்தவர், இன்செக்ட் கலெக்டர்னு போஸ்ட் பேரு. கலெக்டர்னு சொன்னா ஊர்ல சிரிப்பாங்க, அப்பா சிரிக்க மாட்டாரு. சாயங்காலம் லைட் போடுற நேரத்துல சைக்கிள்ல கெளம்பி ஏதாவது ஒரு கிராமத்து மாட்டுக் கொட்டாய்க்கு போவாரு, ஒரு கைல டார்ச், வாயில ஒரு ரப்பர் டியூப், அந்த டியூபோட இன்னொரு முனைல கண்ணாடிக் குழாய், நடுவுல வலைத்துணி கட்டியிருக்கும் கொசு வாய்க்குள்ள போயிடக் கூடாதுன்னு. மாட்டு வயித்துல உக்காந்திருக்கிற கொசுவ அடிக்காம நசுக்காம ஒரே மூச்சுல உறிஞ்சி எடுத்து பஞ்சு வச்சு அடைக்கணும். எந்த ஊரு, எந்த கொட்டாய், எத்தனை மணி, எத்தனை கொசுன்னு நோட்டுல எழுதணும். மழைக்காலத்துல நெல்லு நட்டு தண்ணி நிக்கும்போது ஒரு ராத்திரில குழாய் குழாயா நெறையும். அத லேப்ல தரம் பிரிச்சு, ஒரே ஜாதிக் கொசுவ ஒண்ணா சேத்து அரைச்சு, பொறந்து ரெண்டு மூணு நாளே ஆன எலிக்குஞ்சு மூளைல ஊசி போட்டு, அது நோய்வாய்ப்படுதான்னு தினம் பாப்பாங்களாம். அந்தக் காலத்துல வைரஸ கண்டுபிடிக்க அதான் வழி. கொட்டாய்ல உறிஞ்சுறதுல இருந்து லேப்ல பேரு வைக்கிற வரைக்கும் அந்த சங்கிலி எங்கயும் அறுந்துடக் கூடாது, குழாய்ல தப்பா லேபிள் ஒட்டுனா பின்னாடி இருக்கிற பிஎச்டி எல்லாம் வீண்னு அப்பா சொல்லுவாரு.

நம்ம வேலூர் இந்த விஷயத்துல எவ்ளோ பெரிய ஊர்னு நம்ம புள்ளைங்களுக்கே தெரியாதுங்க. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவுல மொத மொத கண்டுபிடிச்சது 1955ல இங்கதான். நெல்லு வயல்ல பெருகுற க்யூலெக்ஸ் கொசு, கொக்கு நாரை பன்னி, இதுக்குள்ளயே சுத்துற வைரஸ், நடுவுல மாட்டிக்கிட்டது கொழந்தைங்க. அதுக்கப்புறம் 1960கள்ல இங்க சிஎம்சி ஆஸ்பத்திரில டொனால்டு கேரி, ரூத் மையர்ஸ் இவங்கெல்லாம் டெங்கு, சிக்குன்குனியா ரெண்டையும் இங்கேயே வச்சு ஆராய்ச்சி பண்ணாங்க, 1964ல மெட்ராஸ்லயும் வேலூர்லயும் சிக்குன்குனியா அடிச்சப்ப அவங்க இங்க இருந்தாங்க. உலக வைரஸ் பட்டியல்ல வேலூர் வைரஸ்னு ஒண்ணு இருக்கு, சத்துவாச்சாரி வைரஸ் இருக்கு, கம்மவான்பேட்டை வைரஸ் இருக்கு. எந்த ஊர்ல கெடச்சுதோ அந்த ஊர் பேர வைக்கிறது அந்தக் கால வழக்கம், அதுல ஊருக்கு ஒரு அவமானமும் இல்ல.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது தோட்டப்பாளையம் வைரஸ் கதைதான். 1964ல நம்ம வேலூர் தோட்டப்பாளையத்துல பிடிச்ச ஒரு மூஞ்சூறுகிட்ட இருந்து அந்த வைரஸ் கெடச்சுது. ஆமாங்க, நம்ம புள்ளையாரோட அதே மூஞ்சூறு. அவங்க தேடுனது கொசு வைரஸ், கெடச்சதும் அந்த வகையாத்தான் இருக்கும்போலன்னு எழுதி வச்சு 1971ல கேரியும் ரேச்சல் ரூபனும் கூட இருந்தவங்களும் கட்டுரையா போட்டாங்க. அப்போ யாருக்கும் அது என்னன்னே புரியல. கொரியாவுல எலிகிட்ட இருந்து மனுசனுக்குத் தொத்துற ஹாண்டான் வைரஸ தனியா பிரிச்செடுத்தது 1970கள் கடைசில, அதுக்கப்புறமும் பல வருஷம் கழிச்சுதான் தோட்டப்பாளையத்தது ஹாண்டா வைரஸ் குடும்பம், அதுவும் அந்தக் குடும்பத்துலயே மொதல்ல கைக்கு வந்தது இதுதான்னு தெரிஞ்சுது. எலிதான் இந்த வைரஸுங்களோட வீடுன்னு உலகமே நெனச்சிட்டு இருந்துச்சு, பின்னால மூஞ்சூறுங்க, வௌவாலுங்கன்னு ஒவ்வொண்ணா கண்டுபிடிக்கும்போது எல்லாரும் திரும்பி வந்து பாத்தது நம்ம தோட்டப்பாளையத்து குப்பிய. அத என்னன்னே தெரியாமலும் தூக்கிப் போடாம ஃப்ரீசர்ல பத்திரமா வச்சிருந்தாங்களே, அத நெனச்சா இப்பவும் எனக்கு கண்ணு கலங்குது.

அந்த ரேச்சல் ரூபன் அம்மாவப் பத்தி தனியா சொல்லணும். அவங்க பூச்சியியல் படிச்சவங்க. வட ஆற்காடு ஜில்லா கொசுங்கள பத்தி மட்டுமே 1971ல வரிசையா கட்டுரை போட்டவங்க, எந்தக் கொசு எந்த மாசம், எந்த நேரத்துல கடிக்குது, மாட்டயா மனுசனையான்னு. பின்னால மதுரைல மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்த நடத்துனாங்க. அங்க அவங்க குழு வேப்பம்புண்ணாக்கு கலந்த யூரியாவ நெல்லு வயல்ல போட்டுப் பாத்து, கொசுப்புழு கொறையுது, வயலுக்கு தண்ணிய விட்டு விட்டுப் பாய்ச்சுனா இன்னும் கொறையுதுன்னு 1990கள்ல காட்டுனாங்க. யோசிச்சுப் பாருங்க, மாட்டுக் கொட்டாய்ல கொசு எண்ணுறதுல ஆரம்பிச்சு விவசாயி கைல ஒரு வழி குடுக்கிற வரைக்கும் முப்பது வருஷம். இந்த துறைல ஒரு ஆளோட வேலை இப்படித்தான் நீளும், ரெண்டு வருஷ ப்ராஜெக்ட்ல முடியாது.

சிக்குன்குனியா 1973ல மகாராஷ்டிரா பார்சில அடிச்சதுக்கப்புறம் இந்தியாவுல பெருசா எதுவும் இல்ல, எல்லாரும் மறந்தே போயிட்டாங்க. 2006ல திரும்பி வந்து கிட்டத்தட்ட 14 லட்சம் பேருக்குன்னு கணக்கு வந்துச்சு. எங்க தெருல கூட கால் வீங்கி சுவத்தப் புடிச்சு நடக்காதவங்க வீடு ஒண்ணு ரெண்டுதான். அப்போ புனேல பழைய வைரஸ் எல்லாம் பத்திரமா இருந்ததால ஒப்பிட்டுப் பாத்தாங்க, 1963ல கல்கத்தால வந்தது ஒரு வகை, இப்ப வந்தது ஆப்பிரிக்கா வகை. அதவிட முக்கியம், 2000ல மகாராஷ்டிரா யவத்ல பிடிச்ச கொசுல இருந்து எடுத்து வச்சிருந்த வைரஸும் அந்த ஆப்பிரிக்கா வகைதான்! அஞ்சாறு வருஷத்துக்கு முன்னாடியே வந்து கொசுக்குள்ள உக்காந்திருக்கு. அதே மாதிரி 1965ல நாக்பூர் பக்கம் சண்டிப்புராவுல காய்ச்சல்காரங்க ரத்தத்துல கெடச்ச வைரஸ், மணல் ஈ பரப்புறது, ரொம்ப காலம் யாரும் பெருசா எடுத்துக்கல, 2003ல ஆந்திராவுல 329 கொழந்தைங்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்து 183 பேர் போயிட்டாங்க. காய்ச்சல் இல்லாத வருஷத்துலயும் கொசு பிடிக்கிறவங்க பிடிச்சுக்கிட்டே இருக்கணும்னு சொல்றது இதனாலதாங்க. காய்ச்சல் வந்ததுக்கப்புறம் ஆள் எடுத்தா கொசுவும் உண்ணியும் நமக்காக காத்திட்டு இருக்காது.

ஆனா நடக்கிறது என்ன? அப்பா ரிட்டயர் ஆனதுக்கப்புறம் அவரோட போஸ்ட்ட நிரப்பவே இல்ல. எந்த ஆபீஸ்னு சொல்ல விரும்பல, ஒரு ஆபீஸ்ல மட்டும் நடந்ததுன்னும் நான் நெனைக்கல. என் தங்கச்சி பொண்ணு எம்எஸ்சி மைக்ரோபயாலஜி முடிச்சுட்டு உண்ணில இருக்கிற வைரஸ் பத்தி ஆராய்ச்சி பண்ணப் போறேன்னு சொல்லுது. சொந்தக்காரங்க எல்லாம் உண்ணி பொறுக்கவா இவ்ளோ படிச்சன்னு கேக்குறாங்க, மருந்து கம்பெனில தரம் பாக்குற க்யூசி வேலைக்குப் போன்னு சொல்றாங்க. அதுவும் தப்பில்லதான், இந்த வேலை வருஷா வருஷம் கான்ட்ராக்ட், ப்ராஜெக்ட் முடிஞ்சா வீட்டுக்கு. அந்தப் பொண்ணு என்கிட்ட வந்து மாமா நீங்களாவது சொல்லுங்க, இது மரியாதையான வேலைதானேன்னு கேட்டுச்சு. தாத்தாவோட நோட்ட எடுத்துக் குடுத்தேன், ஒரு ராத்திரி முழுக்க உக்காந்து படிச்சுது. இப்போ அப்ளிகேஷன் போட்டிருக்கு.

உங்ககிட்ட கேக்குறது இதுதாங்க. டெங்கு சீசன்ல மட்டும் பக்கம் ஒதுக்காம, சும்மா இருக்கிற மாசத்துல, மார்ச் ஏப்ரல்ல, இந்த ஆளுங்கள பத்தி ஒரு தொடர் போடுங்க. சயின்டிஸ்ட்டுங்க பேட்டி மட்டும் இல்ல, கொட்டாய்ல டார்ச் அடிச்சவங்க, காட்டுல துணி இழுத்தவங்க, எலிக்குஞ்சு வளத்தவங்க, இன்னும் உயிரோட இருக்கிறவங்க நம்ம ஜில்லாலயே சில பேரு இருக்காங்க, எல்லாருக்கும் வயசாயிடுச்சு. உங்க ரிப்போர்ட்டர் யாராவது காட்பாடி பக்கம் வந்தா அப்பாவோட உறிஞ்சு குழாயும் மூணு நோட்டும் என்கிட்ட இருக்கு, காட்டுறேன். ரப்பர் கெட்டுப் போச்சு, கண்ணாடி அப்படியே இருக்கு. அந்த ஸ்க்ரப் டைபஸ் திருத்தத்த மட்டும் தொடருக்காக காத்திருக்காம நாளைக்கே போட்டுடுங்க.

இப்படிக்கு,
30 வருஷமா உங்க பேப்பர் வாங்குற வாசகன்,
காட்பாடி